மூடி மாறிய டப்பா

பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஏணி கவனித்தான், விரலில் இருப்பது தன்னுடைய மோதிரம் இல்லை.

அதே மஞ்சள், அதே அகலம், கல் இல்லாத வெறும் வளையம். ஆனால் அவனுடையதில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கல்யாணமான புதிதில் கதவிடுக்கில் கையைக் கொடுத்து வாங்கிய நசுங்கல். இதில் அது இல்லை. நேற்றுத்தான் கடையை விட்டு இறங்கியதுபோல இது பளபளத்தது.

கழற்றிப் பார்க்கலாம் என்று இழுத்தான். வரவில்லை. திருகினான். தோல்தான் கூடவே திரும்பியது.

ஏணி என்பது தீயணைப்பு நிலையத்தில் அவனுக்கு வைத்த பெயர். ஆள் அவ்வளவு உயரம். வண்டியின் ஏணி பழுதாகிக் கிடந்த ஒரு மாதம் அவனை வைத்தே நிலையம் சமாளித்தது என்று ஒரு பேச்சு உண்டு. அவன் அதை மறுத்ததும் இல்லை, சிரித்ததும் இல்லை. சிரிக்கிற வேலை இல்லை அது.

மோதிரம் எப்படி மாறியது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அதிகாலையில் மெத்தைக் கிடங்கில் தீ. பஞ்சில் பிடித்த தீ பாம்பு மாதிரி, தலை தெரியாது, உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போகும். அதை அடக்கிவிட்டு வந்து, ஆறு ஹோஸையும் கழுவிக் காயப் போட்டார்கள். தண்ணீரில் ஊறி ஏணியின் விரல்கள் சுருங்கி விறைத்துப் போயிருந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டப்பாவுக்குள் கையை விட்டு, அகப்பட்ட மோதிரத்தை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். அப்போது அது சுலபமாகத்தான் நுழைந்தது. இப்போது விரலுக்குச் சூடு வந்து, அது தன் பழைய பருமனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த டப்பாதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

நிலையத்தில் போன் இருக்கிற அறையில், அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உடம்பு சிவப்பு, மூடி நீலம். ஒன்றுக்கொன்று பொருந்தாது, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால்தான் மூடும், இன்னொரு தட்டு தட்டினால்தான் திறக்கும். டூட்டிக்கு வருகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். வண்டியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் ஏதாவது கொக்கியில் மாட்டினால் ஆள் இறங்கிவிடுவான், விரல் மேலேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோன ஒரு விரலின் சொந்தக்காரர் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ஒன்பதரை என்பார்கள். விரல்களை எண்ணிப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு வண்டியில் ஏறும் வேலை இல்லை. போனை எடுப்பார், பதிவேடு எழுதுவார், டப்பாவைப் பார்த்துக்கொள்வார்.

ஒன்பதரைக்கு விரல் போய் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவரைப் பார்க்க அப்போது எல்லோரும் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏணியின் மனைவியும் போனாள். கட்டுப் பிரித்தபோது கூடவே நின்று பார்த்தாள், திரும்பும் வழியெல்லாம் ஏணியின் மோதிரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரமே அலமாரியில் டப்பா வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நிலையத்தில் சாமான்கள் அப்படித்தான் வந்து சேரும். அந்தப் போனைக்கூட யார் வாங்கிப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதில் ஏணிக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. ஒன்பதரைக்கு விரல் போவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஏணி மேல் ஒரு கூரை விழுந்திருந்தது. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்தான். வந்த அன்று மனைவி அவன் கையைப் பிடித்து, மோதிரத்தைத் தொட்டு, இதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இது கையில் இருக்கிறவரை நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள் என்றாள். அவன் சத்தியம் செய்தான். ஒரு மாதம் காப்பாற்றினான். அதன் பிறகு டப்பா வந்துவிட்டது.

ஆகப் பத்தொன்பது வருஷமாக அவன் காலையில் மோதிரத்தோடு புறப்பட்டு, டப்பாவில் போட்டு, தீயில் இறங்கி, மறுநாள் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். தீயைவிட இது பெரிய உழைப்பு.

புகைக்குள் கண் தெரியாது. ஹோஸைத் தடவிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இரண்டு ஹோஸ் சேருகிற இடத்தில் இரும்புப் பூட்டு இருக்கும். அதைத் தொட்டால் எந்தப் பக்கம் வண்டி, எந்தப் பக்கம் தீ என்று கை சொல்லிவிடும். அது தட்டுப்படாத நேரமும் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் கடவுளை நினைப்பார்கள். ஏணி டப்பாவை நினைப்பான். தான் செத்துப்போனால் ஆபீசர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒரு கவரை நீட்டுவார். அதில் வாட்ச், பர்ஸ், மோதிரம். இது எப்படிக் கவருக்குள் வந்தது என்று அவள் கேட்பாள். ஆபீசர் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். பத்தொன்பது வருஷமாக டப்பாவில்தானே அம்மா இருக்கும் என்று சொல்லிவிடுவார். செத்த பிறகு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. இந்த இடம் வந்ததும் ஏணிக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வரும். தரையோடு தரையாகப் படுத்து, கையை வீசித் தேடி, பூட்டைக் கண்டுபிடித்து வெளியே வந்துவிடுவான். இன்று காலையும் மெத்தைக் கிடங்கில் அப்படித்தான் வந்தான்.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக அதே வரிசை. அவன் கையைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேரே குளியலறைக்குள் போய்விட்டான்.

சோப்பு போட்டான். எண்ணெய் போட்டான். இரண்டும் சேர்ந்ததில் விரலைப் பிடிக்க முடியவில்லையே தவிர மோதிரம் நகரவில்லை. இழுத்த இழுப்பில் விரல் இன்னும் பருத்தது. குளிர்ந்தால் சுருங்கும் என்று ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியில் கையை நுழைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன தேடறீங்க?" மனைவி மிஷினிலிருந்தே கேட்டாள்.

"ஐஸ்."

"அது கையிலயே இருக்கு பாருங்க, அஞ்சு நிமிஷமா."

கையை வெளியே எடுத்தான்.

மாட்டிக்கொண்ட மோதிரத்தை நூலால் எடுக்கிற வித்தை ஏணிக்கு அத்துப்படி. நூலை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரலில் நெருக்கமாகச் சுற்றி, அடிநுனியைப் பிடித்து இழுத்தால் மோதிரம் சுற்றின்மேல் ஏறி வந்துவிடும். இதுவரை இருநூறு பேருக்காவது எடுத்திருப்பான். ஆனால் அந்த இருநூறு பேரும் தங்கள் விரலைக் கொண்டுவந்தார்கள், இவன் தன்னுடைய இரண்டு கைகளைக் கொண்டு எடுத்தான். இப்போது விரலும் இவனுடையது, கை ஒன்றுதான் மிச்சம்.

மனைவி சமையலறைக்குப் போன சமயம் பார்த்து மிஷின் பக்கத்தில் இருந்த நூல் டப்பாவை எடுத்தான். நீல டப்பா, சிவப்பு மூடி. அதுவும் பொருந்தாத மூடிதான். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித் திறந்து, கைக்கு வந்த பச்சை நூலை உருவிக்கொண்டான். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொன்றைக் கதவுக் கைப்பிடியில் கட்டிச் சுற்றினான். பாதிச் சுற்றில் நூல் மோதிரத்துக்கு அடியில் போய் முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. இனி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. வேறு வழி தெரியாமல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தான். கிடங்குக் கதவு இடித்துவிட்டது என்றான். அவள் மிஷினை நிறுத்தினாள். கையை வாங்கினாள். இருபது வருஷமாகத் தையல் பிரிக்கிற விரல்கள். கட்டு மூன்று விநாடியில் அவிழ்ந்தது.

"இது என் பச்சை நூலு."

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை.

"கழட்டப் பாத்தீங்களா?"

"சே. கழண்டு விழுந்துடப் போகுதேன்னு நூல் சுத்தி வச்சேன்."

அவள் விரலைப் பார்த்தாள். மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. கொஞ்ச நேரம் அவள் பார்வை மோதிரத்தின் மேலேயே இருந்தது. நசுங்கல் இருக்க வேண்டிய பக்கத்தை ஏணி கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான்.

"இதா விழும்?" என்றாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வாங்க, ஆஸ்பத்திரிக்கு."

தெருமுனை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் விரலை அழுத்திப் பார்த்தாள். நுனியில் ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் விரலுக்குத் தான் பொறுப்பில்லை என்றாள். மோதிரத்தை வெட்ட வேண்டும். வெட்டுகிற சாமான் இங்கே கிடையாது.

"தீயணைப்பு ஸ்டேஷனுக்குப் போங்க. ரெண்டே நிமிஷ வேலை."

"அங்க வேண்டாம்," என்றான் ஏணி.

"பயப்படாதீங்க சார். அவங்க பாக்காத மோதிரமா? ரொம்பப் பொறுமையா எடுப்பாங்க."

மனைவி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு காலண்டர் தவிர ஒன்றுமில்லை.

நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் ஏணி வேறு யோசனைகள் சொல்லிப் பார்த்தான். நகைக்கடை என்றான். பட்டறை என்றான். சொல்லப்போனால் வலியே இல்லை என்றான். அவள் நடையைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நிலையத்தின் சிவப்புக் கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ எரிகிற வாசல்களுக்குள் அவன் யோசிக்காமல் நுழைந்திருக்கிறான். தன் நிலையத்துக்குள் நுழையத்தான் கால் வரவில்லை.

போன் அறையில் ஒன்பதரை மட்டும் இருந்தார். மற்றவர்கள் கொல்லையில் காய்ந்த ஹோஸ்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்குத் தெரியாமல் ஏணி கண்ணால் அலமாரியைக் காட்டினான். ஒன்பதரை புரிந்துகொண்டு, தன் தொப்பியைக் கழற்றி டப்பாவின் மேல் கவிழ்த்தார். அந்தத் தொப்பி டப்பாவைவிடச் சின்னது. தொப்பி போட்ட டப்பா முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

"வா தங்கச்சி, உக்காரு," என்றார் ஒன்பதரை. பிறகு ஏணியைப் பார்த்து, பதிவேட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"பேரு?"

"என்ன அண்ணே, உங்களுக்குத் தெரியாதா?"

"பொதுமக்கள்னா கேட்டுத்தான் எழுதணும். டூட்டியில இல்லாதப்ப நீ பொதுமக்கள்."

ஏணி பெயரைச் சொன்னான். வயதைச் சொன்னான். விலாசத்தைச் சொன்னான். மாட்டிக்கொண்ட பொருள் என்ற இடத்தில் ஒன்பதரை மோதிரம் என்று எழுதினார். யாருடையது என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. மூன்று பேரும் பேனாவைப் பார்த்தார்கள். ஒன்பதரை ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தை மூடினார்.

மோதிரம் வெட்டுகிற கருவி ஒன்பதரையின் பொறுப்பில்தான் இருந்தது. மோதிரத்தால் விரலை இழந்தவரிடமே அதைக் கொடுத்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். சோடா திறப்பான் அளவில் ஒரு கருவி. ஒரு தகட்டை மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, மேலே உள்ள பல்சக்கரத்தைத் திருக வேண்டும். அவர் மெதுவாகத் திருகினார். பொன்தூள் பதிவேட்டு அட்டையில் உதிர்ந்தது. முதலில் பச்சை நூல் அறுந்தது. அப்புறம் மோதிரம் டிக்கென்று வாய் திறந்தது. இரண்டு இடுக்கியால் விரித்ததும் துள்ளி விழுந்து, உருண்டு, ஏணியின் மனைவி காலடியில் போய் நின்றது.

அவள் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள ஒரு எழுத்து வெட்டியிருக்கு," என்றாள். "என் எழுத்து இல்ல. தேதியும் இருக்கு. போன மாசத்துத் தேதி."

மோதிரத்தை ஏணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாருங்க இது?"

ஏணிக்கு விரலில் ரத்தம் திரும்பிக் குத்தியது. முகத்தில் இருந்த ரத்தம்தான் அங்கே போய்விட்டது போலிருந்தது. வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்வது ஒரு கணம் அவனுக்குச் சுலபமாகத் தோன்றியது. அதையாவது அவள் ஒருநாள் மன்னித்துவிடக்கூடும். ஆனால் பிறகு அந்தப் பெண்ணுக்கு எங்கே போவது? எழுந்து நின்றான். நின்றால் அவளைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்ததால் மறுபடி உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். டப்பா, பத்தொன்பது வருஷம், ஒரே மாதம் காப்பாற்றிய சத்தியம். இந்த மோதிரம் புதுமாப்பிள்ளையுடையது என்றும் சொன்னான். புதுமாப்பிள்ளை அவனோடு ஒரே வண்டியில் போகிறவன். போன மாதம்தான் கல்யாணமானவன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அழவில்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"காலைல உள்ள போனீங்களா?" என்றாள்.

"போனேன்."

"புகை ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான். கொஞ்சம் வழி தவறிடுச்சு."

"அப்புறம்?"

"மோதிரம் டப்பாவுல கெடக்கறது ஞாபகம் வந்துச்சு. உனக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனச்சேன். வந்துட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் புதுமாப்பிள்ளை ஓடி வந்தான். நெஞ்சில் மூச்சு நிற்கவில்லை. அவன் விரலில் ஏணியின் நசுங்கல் மோதிரம், விழாமல் இருக்க வெள்ளை நூல் சுற்றி. அவன் வீட்டிலும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. மோதிரத்தைக் கழற்றவே மாட்டேன் என்று அவனும் சொல்லி வைத்திருந்தானாம். மோதிரம் ஏன் ஆடுகிறது என்று அவன் மனைவி கேட்டதற்கு, பயத்தில், குளித்தபோது விரல் வீங்கிவிட்டது என்று சொன்னானாம். வீங்கினால் எப்படித் தொளதொளக்கும் என்று அவள் கேட்டாளாம்.

"அண்ணே, என்னோடது எங்கண்ணே?"

ஏணியின் மனைவி உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். வாய் பிளந்த வளையத்தைப் பார்த்து அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒட்ட வச்சுடலாம் தம்பி," என்றாள் அவள். "உன் வீட்டுக்காரிகிட்ட நான் வந்து பேசறேன். பயப்படாத. அவகிட்ட தனியா ஒரு விஷயம் சொல்லவும் வேண்டியிருக்கு."

அவனிடமிருந்து நசுங்கல் மோதிரத்தை வாங்கினாள். வெள்ளை நூலைப் பிரித்தாள். ஏணியின் விரல் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்த வாரம் நுழையாது. எழுந்து அலமாரிக்குப் போனாள். மூன்றாவது தட்டிலிருந்த தொப்பியை எடுத்து ஒன்பதரையிடம் கொடுத்தாள். டப்பாவை இறக்கி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. திறந்தது. மோதிரத்தைப் போட்டாள். இன்னொரு தட்டு. மூடியது.

"வீக்கம் வடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்," என்றாள் ஏணியிடம். "நாளைக்கு டூட்டி இருக்கில்ல. முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க." மிஷினில் பாதிச் சீருடை நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாசல் வரை அவள் போவதைப் பார்த்துக்கொண்டே ஏணி உட்கார்ந்திருந்தான். பிறகு டப்பாவைப் பார்த்தான். சிவப்பு உடம்பு, நீல மூடி. எதையோ எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்து, நிற்காமல் போனது.

"அண்ணே," என்றான் மெதுவாக. "டப்பான்னுதான் சொன்னேன். தொப்பிக்குக் கீழ இருக்கறதுதான் அதுன்னு சொல்லலியே. அதைத் தட்டித் திறக்கணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஒன்பதரை தொப்பியைத் தலையில் வைத்தார். பதிவேட்டைத் திறந்து, கோடு போட்டிருந்த இடத்தில் விட்டுப்போனதை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்:

"அந்த டப்பாவக் கொண்டாந்து வச்சதே தங்கச்சிதாண்டா. 'எனக்குத் தெரியாம எடுத்து மாட்டிக்கறதுக்காவது மனுஷன் ஒவ்வொரு தடவையும் வெளிய வந்துதானே ஆகணும்'னு சொல்லுச்சு."